தனகோட்டி கட்டிய பிராது

தனகோட்டிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அதுதான் சங்கடமே. சுரங்கத்தில் அவரோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறவர்கள், ‘அண்ணன் கத்துனா தப்பிச்சோம், வாயை மூடிக்கினா செத்தோம்’ என்பார்கள். அந்த மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வாயை மூடிக்கொண்டார்.

காரணம் ஒரு மஞ்சள் கயிறு.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்து, குவார்ட்டர்ஸ் வராண்டாவில் பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் பவித்ரா வேலை முடிந்து வந்தாள். மந்தாரக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வண்டியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிந்தாள். துப்பட்டா நழுவியது. கழுத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிறு வெளியே வந்து ஆடியது. அதன் முனையில் ஏதோ பளிச்சென்று மின்னியது. அவள் சட்டென்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு, அப்பா பார்த்தாரா என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

கல்யாணமாகாத பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு, முனையில் மின்னுகிற ஒரு துண்டு. அது என்னவென்று தெரிந்துகொள்ள எம்.ஏ. படித்திருக்க வேண்டுமா என்ன? கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிப் போயிற்று. தனகோட்டி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. நல்ல இடம், பையனுக்குப் பெர்மனெண்ட் வேலை. ‘இப்ப வேணாம்ப்பா, கொஞ்ச நாள் போவட்டும்ப்பா’ என்று பவித்ரா ஏன் ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது புரிந்தது. எவனோ ஒருத்தன் தாலியே கட்டிவிட்டிருக்கிறான்! பெற்றவன் இங்கே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்துகொண்டிருக்கிறான்!

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் ‘ஆமாம்ப்பா’ என்று சொல்லிவிடுவாள். அந்த ‘ஆமாம்’ காதில் விழுகிற வரைக்கும்தான் தனகோட்டி மானத்தோடு நடமாட முடியும். மனைவி விஜயகுமாரியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்போதுதான் அவருக்குக் கொளஞ்சியப்பர் ஞாபகம் வந்தது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோக முடியாத வழக்கையெல்லாம் இந்தப் பக்கத்து ஜனங்கள் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். மாடு களவு கொடுத்தவன், பங்காளியிடம் வரப்பைப் பறிகொடுத்தவன், புருஷனைத் தொலைத்தவள், எல்லாரும் வெள்ளைத் தாளில் பிராது எழுதிச் சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குமேல் அது சாமியின் கேஸ். சாமி எப்படிக் கேட்கும், எங்கே கேட்கும் என்பதெல்லாம் அவர் இஷ்டம். தனகோட்டி பிறந்த காடாம்புலியூரில், பிராது கட்டப்பட்டவன் கை முறிந்த கதையும் கால் முறிந்த கதையும் பிள்ளைகளுக்கே தெரியும்.

புதன்கிழமை அவருக்கு வார ஆஃப். விடிந்ததும் டீகூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். தாள் வாங்கி, தன் கையாலேயே எழுதினார்.

‘நெய்வேலி தனகோட்டி எழுதிக்கொள்ளும் பிராது. எனக்குத் தெரியாமல் என் மகள் பவித்ராவுக்குத் தாலி கட்டி என் குடும்பத்தை ஏமாற்றியவன் எவனோ, அவனை நீயே கேள். அவன் எங்கே இருந்தாலும் விடாதே.’

பேர் தெரியாது, ஊர் தெரியாது. அதனால் போடவில்லை. தெரியாதவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதானே சாமிக்கு வேலை? மடித்துக் கட்டினார். கட்டி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. வழியில் விருத்தாசலத்தில் நாலு இட்லி சாப்பிட்டார், வடையும் சாப்பிட்டார். பாவம், அவருக்கு அன்றைய செய்தி இன்னும் தெரியாது.

உச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்தபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. பவித்ரா வேலைக்குப் போகவில்லை. தலைகூட வாராமல் தரையில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி கையில் தட்டோடு நின்றாள்.

“காலைலேருந்து இப்படியே ஒக்காந்துக்கினு இருக்குதுங்க. ஒரு வாய் சாப்புடல. கேட்டா பதிலும் இல்ல. இன்னான்னு நீங்களே கேளுங்க.”

டிவியில் எல்லைச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரியே ஆரம்பித்துவிட்டதாம். வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அங்க யாரு இருக்குறாங்க உனக்கு?” என்றார் தனகோட்டி. அவர் வேறு ஏதோ கேட்க நினைத்துத்தான் வாயைத் திறந்தார். வந்தது இது.

பவித்ரா திரும்பாமலே சொன்னாள்: “இசக்கிமுத்து.”

“எவ அவ?” என்றாள் விஜயகுமாரி.

“அவர்ம்மா. சசிகுமார் அண்ணன் ஃபிரெண்டு.”

சசிகுமார் அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸ் பையன், ராணுவத்தில் இருக்கிறான். போன வருஷம் ஆனி மாசம் அவன் தங்கை கல்யாணத்துக்கு, கூட வேலை பார்க்கிற ஒருத்தனை லீவில் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மண்டபத்தில் மைக் செட் படுத்துவிட்டபோது, கழற்றிப் போட்டுப் பத்து நிமிஷத்தில் பேச வைத்தவன். ராணுவத்திலும் அவனுக்கு அதே மாதிரி வேலைதானாம், சிக்னல் பிரிவு. மறுநாள் இதே வீட்டுக்கு வந்தான். பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தனகோட்டிதான் தன் கையால் அறுத்துக் கொடுத்தார். கையெல்லாம் பிசினாக்கிக்கொண்டு அவன் முழிக்க, தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தது பவித்ரா. அட, அங்கேதானா ஆரம்பித்தது! எண்ணெய்க் கிண்ணத்தை அவள் நீட்டியதும் அவன் வாங்கியதும் இப்போது சினிமா மாதிரி அவர் கண்முன் ஓடியது. அன்றைக்கு அவர் சுளை எடுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டார்.

கிளம்பும்போது, “வாரேன் மாமா” என்றான். தனகோட்டி கிண்டல் பண்ணினார்: “அது இன்னாப்பா வாரேன்? வரேன்னு சொல்ல வாய் வர்லியா?” அவன் சிரித்தான். “எங்க ஊர்ல அப்படித்தான் மாமா. வாரேன்னு சொன்னா கண்டிப்பா வருவோம்னு அர்த்தம்.”

சொன்ன மாதிரி போன மாசக் கடைசியில் மறுபடியும் வந்தான். சசிகுமார் வீட்டு விசேஷம் ஒன்று. விசேஷம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் உடனே திரும்பச் சொல்லித் தகவல் வந்து, சோற்றில் கை நனைக்காமல் ஓடினார்கள்.

“போன்ல பேசிக்கினு இருந்தியா?” என்றாள் விஜயகுமாரி. பவித்ரா தலையாட்டினாள். “எவ்ளோ நாளா?” மகளின் கை கழுத்தில் எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதை அப்போதுதான் தாய் பார்த்தாள். விரல் இடுக்கில் மஞ்சள் கயிறு.

“அடிப்பாவி! இது இன்னாடி?”

“அவரோடதும்மா,” என்றாள் பவித்ரா. குரல் உடைந்துவிட்டது. “அவரு திரும்பி வர்ற வரைக்கும் இது என் கழுத்துலேருந்து எறங்காது.”

விஜயகுமாரி தட்டைக் கீழே போட்டாள். பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனாள்.

“தொடாத!”

கத்தியது தனகோட்டி. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் விஜயகுமாரி அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

“சண்டை நடந்துக்கினு இருக்குது,” என்றார் தனகோட்டி. அவருக்கு மூச்சு வாங்கியது. “அந்தக் கயித்துல யாரும் கை வெக்கக் கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது.”

விஜயகுமாரிக்குப் புரிந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, “இப்படிப் பண்ணிட்டியேடி, இப்படிப் பண்ணிட்டியேடி” என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டுகிறாளா தேற்றுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தனகோட்டி நின்ற இடத்திலேயே நின்றார். ‘அவன் எங்கே இருந்தாலும் விடாதே.’ தன் கையாலேயே எழுதினாரே! எழுதி, மடித்து, இறுக்கி முடிச்சும் போட்டாரே! இவ்வளவு பெரிய சண்டையில் சாமி அவனைத் தேடிப் போகக்கூட வேண்டாம். இருக்கிற இடத்திலேயே விட்டால் போதும். மகள் கழுத்துக் கயிற்றை அறுக்கச் சொல்லி அப்பனே மனு கொடுத்திருக்கிறான். இந்த உலகத்தில் எந்த அப்பனாவது இப்படி ஒரு காரியம் செய்வானா?

அப்போதே ஓடிப்போய்ப் பிராதை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பைக் சாவியை எடுத்தார். “எங்கயும் போவாதீங்க, எனக்குப் பயமா இருக்குது” என்று விஜயகுமாரி காலைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க மூன்று பேரும் டிவி முன்னால் கிடந்தார்கள். பவித்ராவின் போனுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. இவள் கூப்பிட்டாலும் ‘ஸ்விட்ச் ஆஃப்’.

வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட். பெல்ட் மேல் பழுப்பு நிலக்கரி ஓடிக்கொண்டே இருந்தது. தனகோட்டி அதைப் பார்த்துக்கொண்டே கொளஞ்சியப்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். ‘அப்பனே, கொஞ்சம் பொறு. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சிடும். நேரா வந்துடறேன். அதுவரைக்கும் அந்தத் தாளைப் பிரிக்காத.’

இரண்டு மணியும் ஆயிற்று. ரிலீவர் வரவில்லை. அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் பெல்ட்டை விட்டு நகர முடியாது, அதுதான் வேலை. எத்தனையோ முறை ரிலீவருக்காகக் காத்திருக்கிறார், ஓவர்டைம் என்று சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறார். இன்றைக்கு ஒவ்வொரு நிமிஷமும் நெஞ்சில் ஏறி மிதித்தது. சோமசுந்தரம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது மூன்றை நெருங்கிவிட்டது.

“டிவில ஒக்காந்துட்டேண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க,” என்றான் சோமசுந்தரம். தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “ஆமா, மாப்ள ஆர்மியாமே? எங்ககிட்டல்லாம் சொல்லவே இல்ல பாத்தீங்களா?”

நேற்றுச் சாயங்காலம் விஜயகுமாரி டிவி முன்னாலிருந்து எழுந்து ஒரு நடை சசிகுமார் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். அவ்வளவுதான், பிளாக் முழுக்கப் பற்றிக்கொண்டுவிட்டது. வேறு நாளாக இருந்தால் தனகோட்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்திருக்கும். இப்போது மானம் மரியாதையெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

“ஆமா,” என்றார். “சிக்னல்ல இருக்குறாரு.”

சொன்ன பிறகுதான் கவனித்தார். நேற்று வரைக்கும் ‘எவனோ’. இன்றைக்கு ‘இருக்குறாரு’.

அக்கினி நட்சத்திர வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, வண்டியை விரட்டினார். மணவாளநல்லூரில் பிராது எழுதித் தருகிற ஆள் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. தனகோட்டி அவர் முன்னால் போய் நின்று, “வாபஸ் வாங்கணுங்க” என்றார்.

“ராஜினாமாவா? காரியம் முடிஞ்சிடுச்சா?”

“முடியல. முடியக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன்.”

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். “எப்ப கட்டினீங்க?”

“நேத்து.”

“நேத்தா? சாமி இன்னும் பிரிச்சிப் படிச்சே இருக்காதே! காரியம் முடிஞ்சப்புறம்தாங்க பிராதைத் திருப்பி வாங்க ராஜினாமா எழுதறது. இன்னா அவசரம் உங்களுக்கு?”

தனகோட்டி சொன்னார். எவனோ என்று நினைத்துக் கட்டியதையும், அவன் மாப்பிள்ளை என்று தெரிந்ததையும், மாப்பிள்ளை எல்லையில் நிற்பதையும், முன்பின் தெரியாத அந்த ஆளிடம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, “வாதி நான். நானே கேஸ் வேணாங்கறேன். சாமி இன்னா, வக்கீலு மாதிரி வுடமாட்டேன்னா சொல்லும்?” என்றார்.

அந்த ஆளுக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. “எதிராளி பேரு போட்டீங்களா நேத்து?”

“போடல. தெரியாது.”

“அப்ப பயப்படாதீங்க. பேரில்லாத பிராது. எவன்னு சாமி தேடறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. ஆனா இதுல மட்டும் பேரத் தெளிவா போடுங்க. தப்பான ஆள விட்டுடப் போவுது.”

ஒரு தாளை நீட்டினார். “நானே எழுதட்டுமா?” “வேணாம், அதையும் என் கையாலதான் எழுதினேன்” என்று தனகோட்டி வாங்கிக்கொண்டார்.

‘நெய்வேலி தனகோட்டி எழுதிக்கொள்வது. நேற்று நான் கட்டிய பிராதை இத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதில் சொன்ன ஆள் பேர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம், சிக்னல் பிரிவு. அவர்’

இங்கே பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அழுத்தி எழுதினார்.

‘அவர் என் மாப்பிள்ளை. அவரை விட்டுவிடு. கேட்டே ஆகவேண்டும் என்றால் என்னைக் கேள்.’

நேற்றுக் கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இதையும் கட்டினார். வேலில் நூற்றுக்கணக்கான தாள்கள் காற்றில் படபடத்தன. அதில் தன்னுடைய நேற்றையது எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சாமிக்காவது தெரியவேண்டுமே என்று இரண்டு தடவை சுற்றி வந்து கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை நெல்லிக்குப்பத்துக்குப் போன் போட்டார். “மன்னிச்சிக்கோங்க, பொண்ணுக்கு அமைஞ்சிடுச்சி” என்று ஒரே வரியில் முடித்தார். விஜயகுமாரி மகளுக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, மடியில் படுக்க வைத்துச் சோறு ஊட்டினாள். இடையில் ஒரு சந்தேகம் அவளுக்கு. “ஏங்க, அவங்க இன்னா ஆளுங்கன்னு விசாரிக்கவே இல்லியே நாம?”

“ஆர்மி ஆளுங்க,” என்றார் தனகோட்டி. “வேற இன்னா தெரியணும் உனக்கு இப்ப?”

பவித்ரா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா டிவி பார்க்கும்போதெல்லாம் உதடு அசைவதை அவள் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. பிளாக்கில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். சோமசுந்தரம் வாசலில் வண்டியை நிறுத்தி, “அண்ணே, ரிலீஃப்!” என்று கத்திவிட்டுப் போனான். ஆனால் போன் வரவில்லை. நின்றது சண்டைதான், ஆள் என்ன ஆனான் என்று யார் சொல்வது? மூன்று பேரும் பெயருக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பவித்ரா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். தனகோட்டி தாவிப் பிடித்தார். ஸ்பீக்கரைத் தட்டினார்.

“அலோ! அலோ, யாரு?”

“பவித்ரா இல்லியா? நான்… நான் இசக்கிமுத்து பேசுதேன். இது வேற ஒருத்தர் போனு.”

பேசுதேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைக் கட்டிப்பிடித்திருப்பார். தனகோட்டி அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து விஜயகுமாரி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“மாப்ள! நல்லா இருக்கியா மாப்ள? அடி ஒண்ணும் இல்லியே? கை காலு எல்லாம் இருக்குதா?”

“அலோ” என்றது ஒரு பயந்த குரல். “மாமாவா? நல்லாருக்கேன் மாமா. சசியும் நல்லாருக்கான். என்ன… என்னன்னு கூப்பிட்டீய என்னய?”

“மாப்ளன்னு கூப்புட்டேன். வேற எப்படிக் கூப்புடறது? தாலி கட்டும்போது மட்டும் இந்த மாமனைக் கேட்டியா?”

“தாலியா?” இப்போது குரல் எகிறியது. “என்ன மாமா சொல்லுதீய? நான் எப்பம் தாலி கெட்டினேன்? சத்தியமா இல்ல மாமா! நேரா வீட்டுக்கு வந்து உங்ககிட்ட கேக்கணும்னுல்லா இருந்தேன்!”

“அப்ப எம்பொண்ணு கழுத்துல தொங்குறது இன்னாடா?”

“அது என் டிஸ்க்கு மாமா!”

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு பவித்ரா நின்றாள். அப்பா கையில் தன் போன். அவள் கயிற்றை வெளியே எடுத்து, தலை வழியாகக் கழற்றி, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டத் தகடு. அதில் ஒரு நம்பர், பேர், ரத்த குரூப் பொறித்திருந்தது. குண்டுமணித் தங்கம் இல்லை.

“ராணுவத்துல எல்லாருக்கும் ரெண்டு குடுப்பாங்கப்பா. ஒண்ணு கழுத்துல, ஒண்ணு கையில. ஏதாவது ஆயிட்டா ஆளு யாருன்னு தெரியறதுக்கு,” என்றாள் பவித்ரா. “கிளம்பற அன்னிக்குக் கையில இருந்ததக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டாரு. ‘இது உன்கிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. ரெண்டையும் ஒண்ணு சேக்க வருவேன்’னு சொன்னாரு. கருப்புக் கயிறு அந்துபோச்சு. சாமி ரூம்ல மஞ்சக் கயிறுதான் இருந்துச்சு.”

விஜயகுமாரி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யய்யோ, அப்ப கல்யாணமே ஆவலியா? நான் அஞ்சு வூட்ல மாப்ளன்னு சொல்லிட்டனே!”

தனகோட்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது. ஆள் உயிரோடு இருக்கிறான். பெண் திருட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நாலு நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பாறையும் ஒரே நேரத்தில் உருண்டு போனது. சிரித்து முடித்ததும்தான் கோபம் வந்தது. நல்லவேளை, சத்தத்தோடு வந்தது.

“நாங்க தாலின்னு நெனச்சிக்கினு இருக்கறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“வெள்ளிக்கெழமை அம்மா குங்குமம் வச்சப்பதான்ப்பா புரிஞ்சுது.”

“அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு?”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க அவருக்காக வேண்டிக்கினு இருந்தீங்கப்பா. டிவியப் பாத்துக்கினே ஒதடு அசைஞ்சுது. இது தாலி இல்லன்னு சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன். நான் ஒருத்தி வேண்டிக்கிட்டா பத்துமா?”

தனகோட்டி மகளின் ஈரத் தலையில் கை வைத்தார். மேஜை மேல் அவர் வைத்திருந்த போன் இன்னும் உயிரோடு இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் பயல்.

“ஏம்ப்பா,” என்றார் போனைப் பார்த்து. “இது எங்க போச்சுன்னு உங்க ஆபீசர் கேக்கலியா? இங்க கேட் பாஸைத் தொலைச்சாலே மெமோ குடுக்கறான்.”

“தொலைச்சிட்டேன்னு சொன்னேன் மாமா. நல்லா வாங்கிக் கெட்டிக்கிட்டேன். புதுசு குடுத்திருக்காவ.”

“கவர்மெண்ட்டுகிட்டயே பொய்யி!”

“ஆமா மாமா.” கொஞ்சம் தயங்கினான். “மாமா, தப்பா நினைக்காதீய. தாலின்னு நினைச்சுத்தான் மாப்ளன்னு கூப்பிட்டீய. இப்பம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. இனி உங்க இஷ்டம். நீங்க வேண்டாம்னு சொன்னா…”

பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு மறுபடி போன் போட்டால் இன்றைக்கே கூட வருவார்கள். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் அப்பாவையே பார்த்தாள்.

தனகோட்டி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரைத் தடவினார். வியாழக்கிழமை வெயிலில் அழுத்தி எழுதிய அதே பேர்.

“அதெல்லாம் முடியாதுப்பா,” என்றார். “என் மாப்ளன்னு கொளஞ்சியப்பருக்கு என் கையால எழுதிக் குடுத்துட்டேன். நீ கவர்மெண்ட்டுகிட்ட பொய் சொல்லுவ. என்னால சாமிகிட்ட சொல்ல முடியுமா? எழுதினது உண்மையாவணும். லீவு எப்ப கிடைக்கும்னு கேளு.”

விஜயகுமாரி கரண்டியோடு கும்பிட்டாள். பவித்ரா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அவர் அந்த மஞ்சள் கயிற்றை, அறுந்துவிடாமல் பார்த்துப் பார்த்து, மகள் கழுத்திலேயே திரும்பவும் மாட்டிவிட்டார்.

அந்தப் பக்கம் யாரோ போனைத் திருப்பிக் கேட்கிற சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இசக்கிமுத்து சொன்னான்:

“வாரேன் மாமா.”

“வா,” என்றார் தனகோட்டி.